தாமதமாக வரும் அழுகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 36. ஆட்டிசம் இருப்பது போன வருடம்தான் உறுதியானது. உணர்ச்சி வந்தால் என்னை அப்படியே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சென்ற வாரம் அக்கா என் மேஜை விளக்கை இடம் மாற்றி வைத்துவிட்டாள். அதற்காகக் கத்தி, கையிலிருந்த டம்ளரை வீசி, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். ஒரு விளக்குக்காக இப்படியா? நான் இன்னும் வளரவே இல்லையா? மருந்து எடுக்கலாமா? அலுவலகத்தில் சொல்லிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் வரிக்கு ஒரு ‘மன்னிக்கவும்’ இருந்தது. முதலில் அதை நிறுத்துங்கள், படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அலுவலக விஷயம் உங்கள் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது, எனக்கு அவரைத் தெரியாது. வளரவில்லையா என்பது யாரோ உங்களைக் கேட்ட கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

விளக்குக்கு வருவோம். அன்று காலை ஒரு கூட்டம் திடீரென்று தள்ளிப்போனது, பக்கத்து அறையில் நாள் முழுக்கச் சுவரைத் துளைக்கும் சத்தம், மதியம் சாப்பிட மறந்தது. இவ்வளவையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கே? பின்குறிப்பில்! நிரம்பிய லிஃப்டில் கடைசியாக ஒருவர் கால் வைத்ததும் மணி அடிக்கிறது, எல்லோரும் அவரையே முறைக்கிறார்கள். உங்கள் விளக்கு அந்தக் கடைசி ஆள். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாத அளவு உறைப்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதிவிட்டது. நீங்கள் இன்னும் அதைப் பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு நண்பர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். அப்பா இறந்த அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்த போன்களை எல்லாம் எடுத்தார், எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் சொன்னார். கல்நெஞ்சுக்காரன் என்று உறவினர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். சில வாரங்கள் கழித்து என் வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதுப்பக்கக் கம்பியின் திருகாணி கழன்று தரையில் உருண்டது. குனிந்து தேடினார், முழங்காலிட்டுத் தேடினார், அப்புறம் நெற்றியைத் தரையில் வைத்து ஓவென்று அழ ஆரம்பித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். “என்ன ஆச்சுன்னு நீ கேக்காம இருந்ததுதான் நல்லது, கேள்வியும் ஒரு சத்தம்தான்” என்றார் பிற்பாடு. அவர் திருகாணிக்காக அழுதார் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? வராதல்லவா? அப்படியானால் உங்கள் விஷயத்தில் மட்டும் ஏன் விளக்கையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தனக்குள் ஓடுவது என்ன உணர்ச்சி என்று அடையாளம் காண்பதே சிரமம் என்கின்றன ஆய்வுகள். அலெக்ஸிதைமியா என்கிறார்கள். நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். அது பசியா, பயமா, துக்கமா என்று பிடிபடாது. உடம்புக்கு முதலில் தெரிகிறது, ஆளுக்குப் பிறகுதான் தெரிகிறது. நடுவில் உள்ள அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ஊர் ‘உணர்ச்சியே இல்லாதவர்’ என்கிறது. அப்புறம் அழும்போது ‘இதற்குப் போயா’ என்கிறது!

படித்தவர்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1985இல் லண்டனில் ஒரு பொம்மைச் சோதனை நடத்தினார்கள். பொம்மை வெளியே போன நேரத்தில் கோலிக்குண்டு இடம் மாறிவிடுகிறது. திரும்பி வந்து எங்கே தேடும்? மாறியது அதற்குத் தெரியாது, பழைய இடத்தில்தான் தேடும். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். கோலிக்குண்டில் தொடங்கிய பேச்சு, இவர்களுக்கு அடுத்தவர் வலி புரியாது என்பது வரை நீண்டது. புரியாமை இரண்டு பக்கமும்தான் என்று 2012இல் எழுதியவர் டேமியன் மில்டன், அவரே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர். உங்கள் அக்காவுக்கும் உங்களைப் புரியவில்லை. அதற்காக அவருக்கு யாரும் சோதனை வைக்கவில்லை.

சரி, டம்ளர். ‘அக்கா மேல் படவில்லை’ என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். படாமல் போனதில் உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நிலைகுலைந்து நிற்கும் அந்த நிமிடத்தில் அடக்கிக்கொள் என்று சொல்வது வெட்டிப் பேச்சு, நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முழு நாள் இருந்தது. நிதானமான ஒரு நாளில் அக்காவை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: நான் பேச்சைக் குறைத்துவிட்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தால், என்ன ஏது என்று கேட்காதே, என்னை என் அறைக்குப் போகவிடு. அந்த அறையில் கண்ணாடிச் சாமான் எதுவும் வேண்டாம். விளக்கைத் தொட வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். இதை எல்லாம் வாயால் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். எனக்கு இத்தனை பக்கம் எழுதினீர்களே.