22 வயதுக் குதிரை மெலிகிறதா? பல்லைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 22 வயதுப் பெண்குதிரை, 3 வயது ஆண்குதிரைக்குப் போடும் அதே காய்ந்த புல்லும் கோதுமைத் தவிடும் தின்றும் மெலிகிறது என்கிறீர்கள். தீவனத்தை மாற்றும் முன் தொட்டியடியில் பாருங்கள். பாதி மென்ற புல் ஈர உருண்டையாகக் கிடந்தால் பல்தான் காரணம். மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

என் கிழட்டுக் குதிரைக்கும் இப்படித்தான் ஆனது, பார்க்கவே மனசு தாங்கவில்லை. இளம்புல்லையும் குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரையும் பொடியாக நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நாளுக்கு நான்கு வேளை கொடுத்தேன். விலா எலும்பு மறைய இரண்டு மாதம் ஆயிற்று. 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு, உலர்ந்த எடையில் 5 முதல் 6 கிலோ தீவனம் வேண்டும்.

தவிட்டை இரண்டுக்குமே குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். இன்னும் வளர்கிற அந்த 3 வயதுக் குதிரையின் எலும்புக்கு அது கெடுதல். நேப்பியர் புல்லை மட்டுமே நம்பவும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எதையும் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுவலி வரும். அப்புறம், உங்கள் கிழட்டுக் குதிரையைத் தனியாகக் கட்டித் தீனி போடுங்கள். சின்னவன் தள்ளிவிட்டுத் தின்றுவிடுவான்.