சக்கரம், டான்டியன், லதாயிஃப்: எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மூன்றும் உடலில் இருப்பதாகச் சொல்லப்படும் நுண்மையங்கள்தான்; ஆனால் சக்கரம் யோக, பௌத்த தந்திர மரபுகளுடையது, டான்டியன் சீனத் தாவோ மரபுடையது, லதாயிஃப் சூஃபி மரபுடையது. நடுநாடியும் அதன் இருபுறமும் இரண்டு நாடிகளும் (உயிர்ச்சக்தி ஓடும் வழிகள்) என்ற அமைப்பு ஹட யோகத்துக்கும் திபெத்திய பௌத்தத்துக்கும் பொது. ஒற்றுமை பெரும்பாலும் அதோடு சரி.

நம்மிடம் பரவலான ஆறு ஆதாரங்களில், அதாவது தாமரை வடிவச் சக்கரங்களில், முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரம் தொடங்கி இதழ்கள் 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50, இதழுக்கு ஒரு சமஸ்கிருத எழுத்து. ஹேவஜ்ர தந்திரம் என்ற பௌத்த நூலில் சக்கரங்களே நான்குதான்; இதழ்கள் தொப்புளில் 64, நெஞ்சில் 8, தொண்டையில் 16, உச்சியில் 32. நக்‌ஷபந்தி சூஃபிகளின் லதாயிஃப் முதுகுத்தண்டில் அமைவதே இல்லை. கல்பு (இதயம்) என்ற மையம் இடது மார்பில், ரூஹு (ஆன்மா) என்ற மையம் வலது மார்பில். இவற்றை ஒரே படத்தில் திணிப்பது தவறு.

பயிற்சியில் வேறுபாடு இன்னும் தெளிவு. குண்டலினி யோகத்தில் சக்தி மூலாதாரத்திலிருந்து மேலேறும். உள்வெப்பத்தை எழுப்பும் திபெத்தியப் பயிற்சியான தும்மோவில் தொப்புளுக்குக் கீழே நெருப்பு மூட்டி, அந்தச் சூட்டில் உச்சியின் வெண்துளி உருகி இறங்குவதாகப் பாவிக்க வேண்டும். தாவோ முறையில் ‘சீ’ எனப்படும் உயிர்ச்சக்தி முதுகு வழியே ஏறி, மேலண்ணத்தில் தொட்ட நாக்கு வழியாக முன்பக்கம் இறங்கி, அடிவயிற்று டான்டியனில் சேர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இறக்கத்தில்தான். கவனத்தைத் தலையிலேயே நிறுத்திவிட்டால் தலைபாரமும் தூக்கமின்மையும் வரும் என்று தாவோ ஆசான்கள் எச்சரிப்பார்கள்.

சக்கரங்களுக்கு இன்று தரப்படும் சிவப்பு முதல் ஊதா வரையிலான வானவில் நிறங்களை மூலநூல்களில் தேடாதீர்கள். அது 20-ஆம் நூற்றாண்டு மேற்கத்தியச் சேர்க்கை. இன்றைய படங்களில் மஞ்சளாக இருக்கும் தொப்புள் சக்கரமான மணிபூரகத்தை, 1577-இல் எழுதப்பட்ட ஷட்சக்ர நிரூபணம் என்ற சமஸ்கிருத நூல் கார்மேக நிறம் என்கிறது.

இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், எந்த மரபானாலும், மூச்சை அடக்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.