ஒரு டம்ளர் தண்ணீருக்கு எத்தனை லிட்டர் மெஷின்?

(பதில் எழுதுபவர் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறார்.)

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு தேவாலாவுக்குப் பக்கத்தில். முன்னால் இரண்டு அறை மங்களூர் ஓடு, பின்னால் ஒரு அறை மட்டும் கான்கிரீட். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை துணி காயாது. பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை. போன வருடம் என் கல்யாணப் பட்டில் பூசணம் பூத்துவிட்டது. பையனுக்கு வீசிங் வேறு. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாம் என்று விசாரித்தால் ஒன்று மூவாயிரத்து ஐந்நூறு, இன்னொன்று 20 லிட்டர் மெஷின், பதினெட்டாயிரம். ‘வீடு முழுக்க இது ஒண்ணே போதும்’ என்கிறார் கடைக்காரர். எதை வாங்க?
– தேவாலா வாசகி

பதில்: தங்கச்சி, மூவாயிரத்து ஐந்நூறை விட்டுவிடுங்கள். நான் வாங்கி ஏமாந்தவன் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். மகளின் சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கிற அலமாரிக்காக ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். பத்து நாள் இராப்பகலாக ஓடியது. சேர்ந்த தண்ணீர் காபி டம்ளரில் பாதி. கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்ப்ரஷரே இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சில்லு ஒன்று, ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். பெல்டியர் என்பார்கள். கேமரா பெட்டி மாதிரி இறுக மூடிய சின்ன இடத்துக்கு அது சரி. நம் ஊர் மழைக்கு முன்னால் நிற்காது.

பதினெட்டாயிரத்துக்கு வருவோம். வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக இல்லை.

தொழிற்சாலையில் இலையை வாடவிடும் மாடியில் இரண்டு தெர்மாமீட்டர் பக்கத்துப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் நுனி சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் இருக்கும். காற்று காய்ந்திருந்தால் திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகி அந்தக் குமிழைக் குளிரவைக்கும், இரண்டுக்கும் இடைவெளி விழும். காற்றே நனைந்திருந்தால் ஆவியாக இடம் ஏது? இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜூலையில் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னிக்கு வாடாது’ என்று மேஸ்திரி சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. கணக்கு இதுதான்: அறை 20 டிகிரியாக இருக்கும்போது இடைவெளி ஒரே டிகிரி என்றால் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்று டிகிரி என்றால் 74. ஐந்து டிகிரி விழுந்தால் 60க்கு வந்துவிட்டோம். பூசணத்துக்கு 70க்கு மேல் கொண்டாட்டம். வீட்டை 50க்கும் 60க்கும் நடுவில் வைத்தால் போதும்.

உங்களுக்குத் திரியும் குப்பியும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. மெஷினுக்கு முன்னால் அதை வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அடுப்படி உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் போகாத ஜிப் கவருக்குள் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 75ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 70 காட்டினால் ஐந்தைக் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். உப்பு ஜாடி தானாகவே கசிய ஆரம்பித்தால் வீட்டில் ஈரப்பதம் ஏறக்குறைய அந்த 75ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நம் பாட்டிமாருக்கு மீட்டர் அதுதான்.

சரி, பின்னால் இருக்கிற கான்கிரீட் அறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது 34 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில், 90 சதவீதத்தில், அந்த அறைக் காற்று முழுவதிலும் இருக்கிற தண்ணீர் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதை 55க்கு இறக்க வெளியே எடுக்க வேண்டியது 200 மில்லி. ஒரு டம்ளர்.

பிறகு ஏன் மெஷின் நாளைக்கு மூன்று லிட்டர், நாலு லிட்டர் பிடிக்கிறது? காற்றைக் காயவைத்ததும் சுவரும் மெத்தையும் துணிமணியும் தங்களிடம் உள்ளதைக் கக்குகின்றன. பத்துக் கிலோ பருத்தி மெத்தை ஒன்றே, அடைமழை ஈரத்திலிருந்து 55க்கு இறங்கும்போது ஒரு லிட்டருக்குக் கிட்டத் தண்ணீர் விடும். முதல் வாரம் டேங்க் சீக்கிரம் நிறைவது நல்ல அறிகுறி. மூன்றாவது வாரமும் அதே வேகத்தில் நிறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டு அறையில் அப்படித்தான் ஆகும். ஓட்டுச் சந்து ஒவ்வொன்றும் திறந்த ஜன்னல். அங்கே மெஷினை வைத்தால் நீலகிரி மாவட்டத்தையே காயவைக்கப் புறப்பட்ட மாதிரி. ஒரு வீட்டில் பார்த்தேன். தினமும் டேங்க் நிறைகிறது, அவர்களுக்கும் பெருமைதான். மீட்டரை வைத்தால் 88.

அதனால் வீட்டுக்கு ஒன்று என்பதை மறந்துவிட்டு, அந்த ஒரு அறைக்கு என்று வாங்குங்கள். கதவுக்கு அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள், பீரோவை அங்கே கொண்டுபோங்கள், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. பையனும் அங்கேயே படுக்கட்டும். பூசணமும் தூசிப்பூச்சியும் குறைந்தால் மூச்சுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அது டாக்டர் கொடுத்த இன்ஹேலருக்குப் பதில் ஆகாது.

இப்போது அந்த 20 லிட்டர். பெட்டியைத் திருப்பிக் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். ‘30 டிகிரி, 80 சதவீதம்’ என்று இருக்கும். அப்படி வெந்து வேர்க்கிற அறையில்தான் ஒரு நாளைக்கு 20 லிட்டர். ஜூலையில் உங்கள் வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தாலே பெரிது. அந்தக் குளிரில் பாதி வந்தால் நல்ல மெஷின். அமெரிக்காவில் இந்தச் சோதனையை 2019இல் 18 டிகிரிக்கு மாற்றினார்கள். அதுவரை 70 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) என்று விற்ற மெஷின் மறுநாளே 50 பைண்ட் ஆனது. மெஷின் அதேதான், லேபிள்தான் உண்மை பேச ஆரம்பித்தது. மூடிய ஒரு அறைக்கு பெட்டியில் 12 என்று போட்டதே போதும். ஆனால் நீங்கள் துணி காயாத கதையையும் சொன்னீர்கள். ஒரு வாளித் துணி, நன்றாகப் பிழிந்த பிறகும், இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுலபமாக அறைக்குள் விடும். துணியையும் அங்கே கொடி கட்டிப் போடுவதாக இருந்தால் 20ஐயே வாங்குங்கள்.

கடையில் லிட்டரைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடுமா? நம் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழாத நாள் உண்டா? தொடுபட்டன் வைத்த சில மெஷின்கள், கரண்ட் வந்ததும் யாராவது வந்து தட்டும்வரை ஊமையாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் வேலைக்குப் போய் வந்து பார்த்தால் மீட்டர் மறுபடி 85. ‘ஆட்டோ ரீஸ்டார்ட்’ இருக்கிறதா என்று ப்ளக்கைப் பிடுங்கிச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆட்டோ டிஃப்ராஸ்ட்’டும் வேண்டும். குளிர்ந்த அறையில் காயிலில், அதாவது ஈரம் வந்து ஒட்டுகிற குளிர்ந்த குழாய்ச்சுருளில், பனி கட்டும், அதைத் தானே உருக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். அறை 15 டிகிரிக்குக் கீழே போகிற ஊட்டி, கோத்தகிரி வீடுகளுக்குக் கம்ப்ரஷர் மெஷினே அவ்வளவு ஒத்துவராது. ஈரத்தை உறிஞ்சும் சக்கரமும் ஹீட்டரும் வைத்த இன்னொரு வகை உண்டு, கரண்ட் அதிகம் தின்னும். உங்களுக்கு அது தேவையில்லை.

கரண்ட் என்றதும் பில் பயம் வரும். இந்த அளவு மெஷின் 300இலிருந்து 400 வாட். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் பக்கம். இரண்டு மாதப் பில்லில் 150 யூனிட்டுக்குக் குறையாமல் ஏறும். 55இல் செட் பண்ணினால் தானே நின்று நின்று ஓடும். 40க்கு இறக்காதீர்கள், மரச்சாமான் வெடிக்கும், தொண்டையும் காயும். வாங்கி வந்த அன்று ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே ஓட்ட வேண்டாம். நேராக நிறுத்திச் சில மணி நேரம் விடுங்கள், கம்ப்ரஷர் எண்ணெய் கீழே இறங்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். சமையலறைக் கதவைச் சாத்தி, அங்கே ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வருகிறது. ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் வீட்டுக்குள் ஊற்றிவிடுகிறோம், சோறு கொதிக்கிற ஆவி தனி. இரண்டாவது, துணி காயவைக்கக் கரிச்சட்டி மூட்டி மேலே கூடையைக் கவிழ்க்கிற பழக்கம் நம் தோட்டத் தொழிலாளர் லயங்களில் இன்னும் இருக்கிறது. இடுக்கெல்லாம் அடைத்த அறையில் அதை ஒருநாளும் செய்யாதீர்கள். கரியிலிருந்து வருகிற நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும்.

சுவரின் அடிப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நனைந்து உப்புப் பூத்திருந்தால், அது தரையிலிருந்து ஏறுகிற ஓதம். அதற்கு மெஷின் வைத்தியம் இல்லை, கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். மலைச்சரிவை வெட்டி, மண்ணை ஒட்டிச் சுவர் எழுப்பிய வீடுகளில் பின்பக்கக் கால்வாயைத் தூர் வாரினாலே பாதி ஓதம் போனதைப் பார்த்திருக்கிறேன். கேரளக்காரர்கள் இடவப்பாதி என்கிற மழை இறங்குவதற்குள், சித்திரையிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, செங்கோட்டையில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். வீட்டில் ஏசி இருக்கிறது. அதில் ‘டிரை’ என்று ஒரு பட்டன் உண்டே, அது போதாதா?
– செங்கோட்டை வாசகர்

பதில்: போதும், டீஹியூமிடிஃபையர் வாங்காதீர்கள். ஏசியும் அந்த மெஷினும் உள்ளே ஒன்றுதான். ஏசி சூட்டை வெளியே தள்ளும், அந்த மெஷின் அறைக்குள்ளேயே விடும். சாரல் நாளில் ஏசியைக் ‘கூல்’ போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஷர் நின்றுவிடும். ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டே காயிலில் ஒட்டிய தண்ணீரை மறுபடி அறைக்குள் ஊதும். அதுதான் சில்லென்று இருந்தும் நசநசவென்று இருப்பதன் ரகசியம். ‘டிரை’யில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதால் தண்ணீர் வடிந்து வெளியே போக நேரம் கிடைக்கும். பெரியவர்கள் குளிருகிறது என்று ஏசியை அணைத்தால்தான் தனி மெஷினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: மெஷினில் சேர்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர்தானே? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?
– களியக்காவிளை வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். ஆவி குளிர்ந்து வந்த தண்ணீர்தான், ஆனால் வருகிற வழியில் செம்பு, அலுமினியம் காயிலையும் வீட்டுத் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. அந்த உலோகம் பேட்டரி தட்டுக்கு ஆகாது. குடிக்கவும் கூடாது. தரை துடைக்க, கழிவறைக்கு, பூந்தொட்டிக்கு என்று செலவழியுங்கள். டேங்கின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்றால் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் காட்டுங்கள்.

கேள்வி: பீரோவில் தொங்கவிட்ட ஈரம் உறிஞ்சும் பை நிறைந்து ஒழுகி, ஸ்டீல் பீரோ அடித்தட்டு துருப்பிடித்துவிட்டது. கம்பெனியைக் குறை சொல்லலாமா?
– வால்பாறை வாசகி

பதில்: பைக்குள் இருப்பது கால்சியம் குளோரைடு என்கிற உப்பு. ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே கரைந்து தண்ணீராகிவிடும். அந்த உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். பையில் கிழிசல் இருந்தால் குறை அவர்களுடையது, நிறைந்த பிறகும் தொங்கியிருந்தால் நம்முடையது. துருவைத் தேய்த்து எடுத்து பெயின்ட் அடியுங்கள். இனிமேல் பையைச் சேலைக்கு மேலே தொங்கவிடாமல் ஓரமாகத் தொங்கவிட்டு, அடியில் ஒரு தட்டு வையுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், ஐஸ்கிரீம் வாங்கின பிளாஸ்டிக் டப்பா போதும்.