பஸ் எண்ணும் மின்னழுத்தமும் வரிசை மாறுவது ஏன்?

தேவகோட்டைப் பகுதி 110 கேவி (கிலோவோல்ட்) மின்வலை மாதிரியை, மின்வலைக் கணக்குக்கான பிஎஸ்எஸ்இ (PSS/E) மென்பொருளில் ஓட்டி, பைத்தான் நிரல் வழியாக எடுத்த பஸ் (மின்கம்பிகள் சந்திக்கும் முனை) எண்களும் மின்னழுத்தங்களும் எக்செல் தாளில் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் இட்ட நிரலில் பஸ் எண்களைத் தரும் ‘ஏபஸ்இன்ட்’ (abusint) அழைப்புக்கு ஃபிளாக் (எந்தப் பஸ்களை எடுப்பது என்று சொல்லும் எண்) 2 என்றும், மின்னழுத்தங்களைத் தரும் ‘ஏபஸ்ரியல்’ (abusreal) அழைப்புக்கு 1 என்றும் இருப்பதே காரணம். 1 இயக்கத்திலுள்ள பஸ்களை மட்டும் தரும், 2 துண்டிக்கப்பட்ட வகை 4 பஸ்களையும் சேர்த்துத் தரும் என்பதால், அத்தகைய முதல் பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு வரியும் பிசகுகிறது. இரண்டிலும் 1 போடுங்கள். விடை பட்டியலுக்குள் பட்டியலாக வருவதால், நம் ஊர் வீட்டில் முகப்பைக் கடந்தே வளவுக்குள் (உள்முற்றப் பகுதி) போவதுபோல, 0 ஆவது உறுப்பைத் திறந்த பிறகே மதிப்புகள் கிடைக்கும். அதற்கு முன், கணக்கு குவிந்ததா (ஒரு நிலையான விடைக்கு வந்ததா) என்று சொல்லும் ‘சால்வ்ட்’ (solved) அழைப்பு, குவிந்ததற்கு அடையாளமான 0 தருகிறதா என்று பாருங்கள். கணக்கு குவியாத நிலையில் எடுத்த மின்னழுத்தத்தை வரிசைப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.