சலங்கைக்கும் வரியா?

கேள்வி: சனசமூக நிலையத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். வாடகை, மின்கட்டணம், வரி எல்லாம் ஏறிவிட்டன. பிள்ளைகளின் கட்டணத்தைக் கூட்டாமல் சமாளிக்க முடியுமா, ரீச்சர்?
– வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் வரிப் பயத்தை விடுங்கள், தங்கச்சி. 2024 ஜனவரியில் இலங்கையில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமானது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கில் வருமானம் பார்க்கும் இடங்கள்தான் அதற்குப் பதிய வேண்டும். உங்களுக்கு அது சலங்கையும் துணியும் வாங்கும் பில்லில்தான் வந்து சேரும். அங்கேதான் மிச்சம் பிடிக்க வேண்டும். என் வகுப்பில் ஆட்ட உடுப்பை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம், அப்புறம் அடுத்த பிள்ளைக்குப் போகும். சலங்கை மணி கழன்றால் புதுப் பட்டியில் கோர்த்தால் சரி. வகுப்பை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். அரங்கேற்றச் செலவைச் சொல்லிப் பெற்றோரை மிரட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கோயில் திருவிழா மேடை இருக்கிறதே! கட்ட முடியாத தாயிடம் மற்றவர்கள் முன்னால் காசு கேட்காதீர்கள்.