சில எதிரிகள் சாகவே மாட்டேன் என்கிறார்கள், சிலர் ஒரே வெட்டில் விழுகிறார்கள்: ஸ்கைரிம் மோட் சிக்கல்

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற வீடியோ கேமில் எதிரிகளை வலுவாக்கும் மோட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்பு) ஒன்று, முகங்களை மாற்றும் மோட் ஒன்று, இன்னும் சில மோட்கள் போட்டு, மிகக் கடினமான நிலையான லெஜண்டரியில் ஆடுகிறேன். சில எதிரிகள் எத்தனை அம்பு விட்டாலும் நிற்கிறார்கள், சிலர் ஒரே வெட்டில் விழுகிறார்கள். எந்த மோடை எடுத்துவிடட்டும்?

பதில்: எதையும் எடுக்காதீர்கள், அதுவும் ஆடிக்கொண்டிருக்கும் சேவின் (சேமித்து வைத்த ஆட்டத்தின்) நடுவில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஸ்கிரிப்ட் (ஆட்டத்துக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ள மோட் என்றால் அதன் மிச்சம் சேவுக்குள்ளேயே தங்கி, பின்னால் தொல்லை தரும்.

முதலில் சிரமத்தைச் சாதாரண நிலையான அடெப்டுக்கு இறக்குங்கள். லெஜண்டரியில் நீங்கள் அடிக்கும் அடி கால் பங்காகக் குறைகிறது, வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. இதற்கு மேல் மோடும் எதிரியின் ஹெல்த்தை இரட்டிப்பாக்கியிருந்தால், அவனை வீழ்த்த எட்டு மடங்கு அடிக்க வேண்டும், அது சிரமம் இல்லை, வெறும் சலிப்பு. அடெப்டில் இந்தப் பெருக்கல் எதுவும் கிடையாது, மோட் செய்தவர் போட்ட கணக்கு அப்படியே தெரியும்.

சரி, ஒரே வெட்டில் விழுகிறவர்கள்? இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது அந்த முக மோடைத்தான். ஒரே ரெக்கார்டை (ஓர் ஆளைப் பற்றிய தகவல் தொகுப்பை) இரண்டு ப்ளகின், அதாவது மோடின் தகவல் கோப்பு, தொட்டால் லோட் ஆர்டர் எனும் ஏற்றும் வரிசையில் கடைசியாக வருவதுதான் செல்லும், அது முகத்தை மட்டும் மாற்ற வந்திருந்தாலும் அந்த ஆளின் பழைய லெவல், ஹெல்த், பெர்க் (சிறப்புத் திறன்) எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவந்து வலுவாக்கும் மோட் செய்த வேலையை அழித்துவிடும். லூட் (LOOT) என்ற கருவி வரிசையை மட்டும்தான் சரிசெய்யும், இதை இணைத்துத் தராது. ப்ளகின்களைத் திறந்து திருத்தும் எஸ்எஸ்இஎடிட் (SSEEdit) கருவியில் எல்லா ப்ளகினையும் ஏற்றி அந்த எதிரியின் ரெக்கார்டைத் திறங்கள். எந்த மோட் என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும், வலது கோடியில் இருப்பதுதான் ஆட்டத்தில் நிற்கும். அந்த ரெக்கார்டைப் புதிய ப்ளகின் ஒன்றுக்கு நகலெடுத்து, முகத்தை ஒன்றிலிருந்தும் வலுவை மற்றதிலிருந்தும் இழுத்துப் போட்டு, கடைசியில் ஏற்றுங்கள். லெவல்டு லிஸ்டுகளை (லெவலுக்கு ஏற்ப எந்த எதிரி, எந்தப் பொருள் வரும் என்ற பட்டியல்களை) கையால் செய்ய வேண்டாம், ரை பேஷ் (Wrye Bash) என்ற கருவி உருவாக்கும் பேஷ்டு பேட்ச் என்ற இணைப்பு ப்ளகின் சேர்த்துக் கொடுத்துவிடும்.

சோதிக்கும்போது ஏற்கெனவே போன குகைக்குப் போகாதீர்கள், பல இடங்களில் நீங்கள் முதலில் நுழைந்தபோதே எதிரிகளின் லெவல் பூட்டப்பட்டிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எளிதாக இருக்கிறதா? அப்புறம்தான் எண்ணைத் தொட வேண்டும். சிரமத்தின் பெருக்கல் எண்களும் கேம் செட்டிங் ரெக்கார்டுகள்தான், அதே பேட்ச்சில் மாற்றலாம். நானாக இருந்தால் அடிப்பது, வாங்குவது இரண்டையும் 1.5 ஆக வைப்பேன்: எதிரியும் சீக்கிரம் விழுவான், கவனம் சிதறினால் நீங்களும்.