நாற்பது கட்டைவிரலும் ஒரு வாசகரும்

கேள்வி: மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவள். வேலைக்குப் போகாமல் இணைய இதழ்களுக்குச் சிறுதானியம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்று வந்ததும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடுகிறாள். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒருவராவது படித்தாரா என்றால் சந்தேகம்தான். இதெல்லாம் ஒரு வேலையா? பேசாமல் எம்.எஸ்சி.யில் சேர்த்துவிடலாமா?

பதில்: எம்.எஸ்சி. பற்றி முடிவெடுக்க ஓராண்டு பொறுக்கலாம். உங்கள் கேள்வியிலேயே சிக்கல் எங்கே என்று தெரிகிறது. சொந்தக்காரர்கள் காட்டும் கட்டைவிரல் மகள்மேல் உள்ள பாசத்துக்கு. வரகு பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமில்லை. அவசியம் உள்ளவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கட்டுரையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் வேலைதான். எழுத 10 மணி நேரம் ஆனால், சேர்ப்பதற்கு 2 மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அந்த வேலை கட்டுரை வெளியாகும் முன்பே தொடங்கிவிடுகிறது, தலைப்பிலிருந்து. ‘வரகு: ஒரு பார்வை’ என்று யாரும் கூகுளில் தேடுவதில்லை. ‘வரகு பயன்கள்’ என்று தேடுகிறார்கள், ஆனால் அந்தக் கடைத்தெருவில் கூட்டம் அதிகம். ஐ.நா. 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த சமயத்தில் எல்லோரும் அதையே எழுதித் தள்ளிவிட்டார்கள். ‘வரகை அரிசியாக்குவது ஏன் இத்தனை கஷ்டம்?’ என்பது வேறு. சிறுதானியங்களிலேயே உமி நீக்கக் கடினமானவற்றில் வரகு ஒன்று. மில் வைத்திருப்பவரும் விளைவித்தவரும் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போக மாட்டார்கள். தலைப்பை இறுதியாக வைப்பவர் ஆசிரியர்தான். ஆனாலும் கட்டுரையோடு மூன்று தலைப்புகளை எழுதி அனுப்பினால் பெரும்பாலும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வார்.

அடுத்தது லிங்க். சொந்தத் தளத்தில் எழுதும்போது முகவரியைத் தமிழிலேயே விட்டுவிட்டால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடுவது உண்டு. ‘சிறுதானியம்’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 11 குறியீடு (‘சி’ என்பது ‘ச’வும் இகரக் கொக்கியும் தனித்தனி), முகவரியில் ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கும், ஆக 99. நான்கு சொல் தலைப்பு என்றால் திரை நிறைந்துவிடும். பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று ஒதுங்கிவிடுவார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக வைத்துக்கொள்ளட்டும். இதற்குப் பயந்து, நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் தளங்களின் லிங்க்கைப் பயன்படுத்துவதும் நல்லதல்ல. எத்தனை பேர் தட்டினார்கள் என்ற கணக்கு கிடைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் தளத்தின் பெயர் மறைந்துபோவதால், வங்கி மோசடிச் செய்திகளைப் பார்த்துச் சலித்தவர்கள் தொட மாட்டார்கள்.

அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே ஒருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும். தலைப்பும் படமும் சேர்ந்த சின்னப் பெட்டி வருகிறதா? வரவில்லையென்றால் படம் மிகக் கனமாக இருக்கும், அல்லது பக்கத்தில் ‘ஓபன் கிராஃப்’ குறிப்புகள் (எந்தத் தலைப்பையும் படத்தையும் காட்ட வேண்டும் என்று சொல்லும் வரிகள்) விடுபட்டிருக்கும். சொந்தத் தளம் என்றால் படம் 1200×630 பிக்சலில், 300 கேபி-க்குள் இருந்தால் தொல்லையில்லை. ஃபேஸ்புக்கில் வேறொரு சிக்கல்: பழைய படத்தையும் பிழையான தலைப்பையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் திருத்திய பிறகும் பழையதையே காட்டும். ‘ஷேரிங் டிபக்கர்’ என்ற அவர்களுடைய பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால்தான் மாறும்.

இனி யாருக்கு அனுப்புவது என்பது. கட்டுரைக்காகப் பேசிய ஒவ்வொருவருக்கும், வெளியான அன்றே, தனித்தனியாக. வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் செயலர், மில்காரர். தங்கள் பேச்சு அச்சேறியதை அவர்களே தங்கள் குழுக்களில் போடுவார்கள். அங்கிருப்பவர்கள்தான் மகளுக்கு வேண்டிய வாசகர்கள். பலரும் இந்த ஒன்றைத்தான் செய்யாமல் விடுகிறார்கள்.

செய்தியையும் பாருங்கள். ‘என் புதிய கட்டுரை, படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்’ என்றால் படிப்பவருக்கு அது வீட்டுப்பாடம். ‘ஐயா, வரகு அரைக்கும்போது குருணை அதிகமாவதற்கு நீங்கள் சொன்ன ஈரப்பதக் காரணம் மூன்றாவது பத்தியில் வந்திருக்கிறது. பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்’ என்றால் அவர் உடனே திறப்பார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். மகளின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ‘அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை’ என்ற புலம்பலில் பாதி இதனால்தான். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 குறியீடு. லிங்க் எவ்வளவு நீளமானாலும் அதற்கு 23 போய்விடும். மேலே சொன்ன கொக்கிக் கணக்கு இங்கேயும் உண்டு, ஆகவே தமிழில் இருபது, இருபத்தைந்து சொல்தான் மிஞ்சும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் லிங்க் தட்டினால் திறக்காது. தன் கணக்கின் முகப்புக் குறிப்பிலோ (பயோ) ஸ்டோரி ஸ்டிக்கரிலோ வைக்க வேண்டும்.

கட்டுரை முழுவதையும் ஃபேஸ்புக்கில் ஒட்டுவதற்கு முன் இதழைக் கேட்டுவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதுபவரே பொதுவாக முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் பக்கத்தில் இருந்தாலும், ஆசிரியரோடு மல்லுக்கு நிற்பதைவிட ‘எத்தனை நாள் கழித்து என் தளத்தில் போடலாம்?’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது லாபம். அன்றே பிடிஎஃப்-ஆகவும் சேமித்துவிட வேண்டும். இணைய இதழ்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்படுவதுண்டு; மாதிரிக் கட்டுரை கேட்கும் ஆசிரியருக்குச் செத்த லிங்க்கைக் காட்ட முடியாது. சிறந்த 6 கட்டுரைகளை ஒரே பக்கத்தில் வைத்து, அதை லிங்க்ட்இன்னிலும் மின்னஞ்சல் கையொப்பத்திலும் இணைத்துவிடட்டும்.

வேளாண் கட்டுரைக்கு இன்னொரு வசதி உண்டு, அது பழசாவதில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். விதைத் தேர்வு பற்றிய கட்டுரையை ஆனி பிறந்ததும் மறுபடி பகிரலாம், அரவை பற்றியதை அறுவடை நெருங்கும்போது. விலை, மானியம் போன்றவை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பகிர வேண்டும்.

‘பத்தாயிரம் வியூஸ் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களை அண்டவிடாதீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக் கட்டுரை கேட்கும் ஆசிரியர் யாருமில்லை. தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

ஓராண்டில் 12 கட்டுரைகளை இப்படிக் கொண்டுசேர்த்த பிறகு நீங்கள் பார்க்க வேண்டியது லைக் கணக்கை அல்ல. அறிமுகமில்லாத எத்தனை பேர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள், அதில் எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள்? இரண்டும் பூஜ்யம் என்றால் எம்.எஸ்சி. விண்ணப்பத்தை வாங்கிவிடுங்கள். அதுவரை, சொந்தக்காரர்கள் குழுவுக்கு லிங்க் போக வேண்டாம். அந்த நாற்பது பேரில் மாவு மில்லோ நாட்டுச்சரக்குக் கடையோ வைத்திருக்கும் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.